லேத்தை விற்கிறேன், அதன் குறைகளையும் சேர்த்து



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் இருக்கும் மரக் கடைசல் லேத்தை விற்க முடிவு செய்திருக்கிறேன். மஞ்சக்குப்பம் வீட்டுக்கு வந்தவர்களுக்கு அதைத் தெரியும். உங்களில் சிலர் வீட்டில் இருக்கும் சப்பாத்திக் கட்டையும் மத்தும், பேரப்பிள்ளைகள் சுற்றும் பம்பரமும் அதில் கடைந்தவைதான். எனக்கு வலது கையில் லேசான நடுக்கம் வந்து ஒரு வருடம் ஆகிறது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் ஓடுகிற மரத்தில் உளியை வைக்கிற கை நடுங்கக் கூடாது. அதனால் விற்கிறேன். வருத்தம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் நான் எழுத வந்த விஷயம் அது இல்லை.

விற்பனைக்கு ஒரு சிறு அறிவிப்பு எழுதி, குடும்பக் குழுவில் போடுவதற்கு முன் என் அக்கா மகனிடம் காட்டினேன். படித்துவிட்டு அவன் சொன்னான்: "மாமா, மோட்டாருக்குக் காயில் கட்டுனது, போல்ட் மாத்துனது எல்லாம் எதுக்கு எழுதுறீங்க? போட்டோ போட்டு விலையப் போடுங்க. வாங்குறவன் வந்து பாத்துக்குவான்."

அவன் கெட்ட பிள்ளை இல்லை. ஊரில் எல்லோரும் பழைய பொருளை விற்பது இப்படித்தான். ஆனால் இது தவறு என்று நினைக்கிறேன். அதிலும் இயந்திரத்தை இப்படி விற்பது பெரிய தவறு. ஏன் என்று சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. அந்தக் காற்று உங்களில் யாருக்கும் மறந்திருக்காது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்பு தோப்பாகச் சாய்ந்தன. எங்கள் கொல்லையில் அப்பா வைத்த பலா மரமும் வேரோடு விழுந்தது. விறகுக்குக் கேட்டு ஆள் வந்தார்கள். எனக்கு மனம் வரவில்லை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தேடி வாங்குகிற மரம் பலா. அதை அடுப்பில் வைப்பதா? அறுத்துக் கொட்டகையில் அடுக்கி வைத்தேன். மறு வருடம், அந்த மரத்தை ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காகவே, பழைய லேத் ஒன்றை 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். விற்றவர் பெயர் வேண்டாம். மரியாதையாகப் பேசினார், காபி கொடுத்தார், மோட்டாரை ஓட்டிக் காட்டினார். நானும் ஓடுகிறதே என்று வாங்கி வந்துவிட்டேன்.

லேத்தில் மரத்தை இரண்டு முனைகளுக்கு நடுவே பிடிப்போம். ஒரு பக்கம் மோட்டார் சுற்றுகிற தலைப்பகுதி. அதை ஹெட்ஸ்டாக் என்பார்கள். எதிர்ப்பக்கம் முன்னும் பின்னும் நகர்த்தி இறுக்குகிற டெயில்ஸ்டாக். அந்த இறுக்கம்தான் மரத்துக்குப் பிடிமானம். என் லேத்தில் அதன் பூட்டுக் கைப்பிடி தேய்ந்திருந்தது. இறுக்கின மாதிரி இருக்கும். அதிர்வில் மெல்ல மெல்லப் பின்னால் நழுவும். 2013-இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒன்றரைக் கிலோ இருக்கும் பலாக்கட்டை பிடி விட்டுப் பறந்து வந்து நெற்றியில் அடித்தது. கண்ணாடி உடைந்தது. புருவத்துக்கு மேல் 6 தையல். இன்னும் ஒரு அங்குலம் கீழே பட்டிருந்தால் இன்று இந்தப் பதிவை ஒற்றைக் கண்ணால்தான் தட்டச்சு செய்திருப்பேன்.

தையல் பிரித்த பிறகு விற்றவரைத் தேடிப் போனேன். "கைப்பிடி நழுவுறது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியும் என்றார். "அப்புறம் ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க கேக்கலையே சார்."

ஆத்திரம் தாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். இரவு படுத்தபோதுதான் அதே வார்த்தையை என் வாயிலிருந்தே ஒருமுறை கேட்டது நினைவுக்கு வந்தது.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. 1994-இல் என்னிடம் ஒரு பழைய மொபெட் இருந்தது. முன் ஃபோர்க்கில் விரிசல் விட்டு வெல்டிங் வைத்திருந்தேன். மேலே பெயின்ட் அடித்ததும் தெரியவில்லை. அதை எங்கள் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த இளம் ஆசிரியர் ஒருவருக்கு விற்றேன். என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவார். இரண்டு மாதத்தில் ஃபோர்க் முறிந்து விழுந்து, காறை எலும்பு உடைந்து, கையைத் தொட்டில் கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகத்தான் போய், "நீங்க கேக்கவே இல்லையே தம்பி" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அதன் பிறகு என்னை 'சார்' என்றுதான் கூப்பிட்டார்.

என் நெற்றித் தழும்புக்காக இன்னொருவரைத் திட்ட எனக்கு எவ்வளவு தகுதி இருக்கிறது என்று அன்று இரவு தெரிந்துகொண்டேன்.

சட்டம் படித்த மாணவர் ஒருவரிடம் ஒருமுறை இதைப் பேசினேன், மொபெட் கதையைச் சொல்லாமல். அவர் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தை எடுத்து 17-ஆம் பிரிவைக் காட்டினார். விற்பவர் வெறுமனே பேசாமல் இருப்பது பொதுவாக மோசடி ஆகாது. அதற்கு அந்தச் சட்டமே ஒரு குதிரையை உதாரணம் சொல்கிறது. ஒருவர் தன் குதிரைக்குக் குறை இருப்பது தெரிந்தும் சொல்லாமல் ஏலத்தில் விற்கிறார். அது மோசடி அல்ல. ஆனால் அடுத்த உதாரணத்தைப் பாருங்கள். வாங்குவது அவருடைய சொந்த மகள், இப்போதுதான் மேஜரானவள் என்றால், அந்த உறவின் காரணமாகக் குறையைச் சொல்வது தகப்பனின் கடமை ஆகிவிடுகிறது.

150 வருடத்துக்கு முன் எழுதிய சட்டம் அந்நியருக்கு ஒரு விதியும் மகளுக்கு ஒரு விதியும் வைத்திருக்கிறது. நான் அதோடு சண்டை போடவில்லை. ஆனால் எங்களைப் போன்ற ஆசிரியர்களிடம் பொருள் வாங்க வருகிறவர்கள் யார்? பழைய மாணவர், மாணவரின் தம்பி, தெருக்காரர், உடன் வேலை பார்த்தவர். 'சார் பொய் சொல்ல மாட்டார்' என்ற நம்பிக்கையில்தான் வருகிறார்கள். அந்த நம்பிக்கைக்கும் சேர்த்துத்தான் விலை கொடுக்கிறார்கள். அவர்களிடம் அந்நியரின் விதியைச் சொல்லித் தப்பிக்க எனக்கு உரிமை இல்லை.

'மாட்டுச் சந்தையில் எல்லாம் சொல்லியா விற்கிறார்கள்?' என்று கேட்பீர்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசும் தரகர்களை நானும் பார்த்து வளர்ந்தவன்தான். ஆனால் அங்கே வாங்குகிறவரும் விவசாயி. பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், சுழி பார்ப்பார். மாட்டை எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முதன்முதலாக லேத் வாங்குகிறவருக்கு அதன் 'பல்' எங்கே இருக்கிறது என்றே தெரியாது. எனக்கும் தெரிந்திருக்கவில்லை. கேட்கத் தெரியாதவரிடம் போய் 'நீங்கள் கேட்கவில்லையே' என்பது என்ன நியாயம்? வகுப்பில் சந்தேகம் கேட்காத பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது என்று நினைக்கிற ஆசிரியரும் இதே தவறைத்தான் செய்கிறார். நானும் எத்தனையோ முறை செய்திருக்கிறேன்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. நம் மொழியில் தயிரையும் கடைகிறோம், மரத்தையும் கடைகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல். மத்தில் கயிற்றைச் சுற்றி மாறி மாறி இழுப்பது போலவே, மோட்டார் வருவதற்கு முன் மரத்தில் கயிற்றைச் சுற்றி ஒருவர் இழுக்க, இன்னொருவர் உளி பிடித்துக் கடைந்தார்கள். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே இருக்கும் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரத்தின் நீண்ட உடல் பகுதியைக் கடைசலில்தான் செய்கிறார்கள். மரம் ஆச்சா. பழைய வீடுகளில் பல காலம் காய்ந்து கிடந்த தூண், உத்திரங்களாகப் பார்த்து வாங்குவார்கள். 1955-இல் ரங்கநாதன் ஆசாரியார் டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக, சுருதி குறைந்த பாரி நாயனத்தைச் செய்து கொடுத்தது அந்த ஊரில்தான். 2022-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அம்பாசமுத்திரத்துச் செப்புச் சாமானும் கர்நாடகத்துச் சென்னபட்டண பொம்மையும் கடைசல் வேலைதான். ஓடுகிற மரத்தில் அரக்குக் கட்டியை அழுத்தினால் உராய்வுச் சூட்டிலேயே அது உருகி நிறம் பிடிக்கும். பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

அந்த ஊர்களில் பட்டறை கைமாறும்போது விற்பனைப் பேச்சே வருவதில்லை. அப்பா பக்கத்தில் நின்று பல வருடம் பார்த்த மகனுக்குப் போகிறது. எந்தப் பூட்டு நழுவும், எந்தச் சத்தம் வந்தால் நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் இயந்திரத்தோடு சேர்ந்தே கைமாறிவிடும். எழுதி வைக்கத் தேவையில்லை.

இதைச் சொல்வதால், பிள்ளைகள் அப்பன் தொழிலையே செய்ய வேண்டும் என்று சொல்கிறேன் என நினைத்துவிடாதீர்கள். 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டம் பாதி நாள் பள்ளி, மீதி நேரம் வீட்டுத் தொழில் என்றது. குலக்கல்வி என்று நாடே எதிர்த்தது. 1954-இல் காமராஜர் முதல்வரானதும் அது கைவிடப்பட்டது. அது கைவிடப்பட்டதால் படித்து முன்னேறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குத்தான் நான் 37 வருடம் பாடம் நடத்தினேன். இன்று தச்சர் மகன் மருத்துவராகலாம், வாத்தியார் கடைசல் பழகலாம். நல்லது. ஆனால் அப்படிப் புதிதாக வருகிறவருக்குப் பக்கத்தில் நின்று காட்ட அப்பா இல்லை. பழைய கருவியை விற்கிறவர்தான் அவருக்குக் கிடைக்கும் ஒரே வாத்தியார். அவரும் வாயை மூடிக்கொண்டால், அடுத்த பாடத்தைப் பறந்து வருகிற கட்டைதான் நடத்தும்.

ஆகவே நான் செய்திருப்பது இதுதான். பள்ளியில் பாடக்குறிப்பு எழுதுவது போல ஒரு நோட்டில் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். 40 பக்கம். அது லேத்தோடு போகும். முதல் பக்கத்தில் குறைகள்:

1. மோட்டார் 1 எச்.பி., சிங்கிள் ஃபேஸ். 2015 வெள்ளத்தில் நனைந்து காயில் கட்டியது. 40 நிமிடம் தொடர்ந்து ஓடினால் கை வைக்க முடியாத அளவு சூடாகும். கால் மணி நேரம் ஓய்வு கொடுக்க வேண்டும்.

2. டெயில்ஸ்டாக் பூட்டு. புது போல்ட் போட்டு 12 வருடமாக நழுவவில்லை. ஆனாலும் அதன் மேல் முழு நம்பிக்கை வைக்காதீர்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மோட்டாரை நிறுத்தி, இறுக்கம் பாருங்கள்.

3. தலைப்பகுதி பேரிங்கில் மூன்றாவது படி வேகத்தில் லேசான இரைச்சல் உண்டு. ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டி வரலாம்.

4. பெல்ட்டுக்கு மூடி இல்லாமல்தான் வாங்கினேன். இப்போது இருப்பது நான் பிளைவுட்டில் செய்தது. அதைக் கழற்றிவிட்டு ஓட்டக் கூடாது.

5. எர்த் ஒயர் நான் இழுத்தது. உங்கள் வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்த பிறகே இணைப்புக் கொடுங்கள்.

அடுத்த பக்கங்களில் ஓட்டும் முறை. வேகத்துக்குக் கடைசல்காரர்களிடம் ஒரு கணக்கு உண்டு. மரத்தின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து, நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதோடு பெருக்கினால் 6,000-க்கும் 9,000-க்கும் இடையே வர வேண்டும். 10 அங்குலக் கிண்ணம் என்றால் 600 முதல் 900 சுற்று. 4 அங்குலக் கட்டை என்றால் 1,500 முதல் 2,250. பெரிய மரத்துக்கு மெதுவாக, சிறிய மரத்துக்கு வேகமாக. ஐந்தாம் வகுப்புப் பெருக்கல்தான். உயிரைக் காக்கிற பெருக்கல்.

லேத் முன்னால் நிற்கும்போது தோளில் துண்டு, தொங்கும் முந்தானை, தாவணி, வளையல், அவிழ்ந்த கூந்தல் எதுவும் கூடாது. கையுறையும் கூடாது. பாதுகாப்புக்கு என்று பலர் கையுறை போடுகிறார்கள். சுழலும் மரம் கையுறையைப் பற்றினால் விரலையும் சேர்த்து இழுத்துவிடும். முகம் முழுக்க மறைக்கும் கண்ணாடிக் கவசம் கட்டாயம். மூக்குக்கு மாஸ்க் கட்டாயம். மரத்தூளை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருட்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. 'வாசனையா இருக்கே' என்று தூளில் மூச்சு விட்டுக்கொண்டு நின்ற முட்டாள் நான்.

இவ்வளவையும் எழுதினால் யார் வாங்குவார்கள் என்றான் அக்கா மகன். விலை இறங்கத்தான் செய்தது. 15,000 கேட்க நினைத்தேன். குறைகளைக் கணக்குப் போட்டு 11,000 என்று வைத்தேன். இதுவரை நான்கு பேர் கேட்டார்கள்.

முதலாமவர் பழைய இரும்பு எடுப்பவர். கிலோ 30 ரூபாய் என்றார். அவரிடம் குறையைச் சொல்லத் தேவையே இல்லை. இரண்டாமவர் நோட்டைப் பார்த்ததும் 'யோசிச்சு சொல்றேன் சார்' என்று போனவர் திரும்பவில்லை. மூன்றாமவர், 'இந்தப் பாதுகாப்பு எல்லாம் வேண்டாம் சார், நான் பாத்துக்கறேன்' என்றார். அவருக்கு நான்தான் கொடுக்க மாட்டேன் என்றேன். நெற்றித் தழும்பைக் காட்டினேன். கோபித்துக்கொண்டு போனார். போகட்டும்.

நான்காவது அழைப்பு நெல்லிக்குப்பத்திலிருந்து. என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த மாணவி. இப்போது அவருக்கே இரண்டு பிள்ளைகள். நடைவண்டியும் பம்பரமும் செப்புச் சாமானும் செய்து விற்க ஆசை என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வீட்டுக்காரர்கிட்ட போனக் கொடும்மா." சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு நிமிடம் சத்தமில்லை. பிறகு, "எனக்குத்தான் சார் வேணும். அந்த டெயில்ஸ்டாக் போல்ட் என்ன சைஸ் சார்? கூட ரெண்டு வாங்கி வச்சுக்கலாமா?" என்றார்.

12 வருடத்தில் அந்த போல்ட்டின் அளவை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். குறையை எழுதியதால் எனக்கு 4,000 ரூபாய் குறைந்தது உண்மை. ஆனால் நோட்டை முழுக்கப் படித்துவிட்டுக் கேள்வி கேட்கிறவர் வந்து சேர்ந்தாரே, அதற்கும் அந்த எழுத்துதான் காரணம்.

அவருக்கு ஒரே நிபந்தனை வைத்தேன். பணம் கொடுத்த அன்றே லேத்தை ஏற்றிப் போக முடியாது. மூன்று ஞாயிற்றுக்கிழமை இங்கே வந்து, நான் பக்கத்தில் நிற்க, ஓட்டிப் பழக வேண்டும். முதல் வாரம் சாணை பிடிக்க மட்டும். மழுங்கிய உளிதான் மரத்தில் மாட்டும். இரண்டாம் வாரம் பம்பரம். மூன்றாம் வாரம், கொட்டகையில் மிச்சமிருக்கும் தானே புயல் பலாவில் ஒரு கிண்ணம். வீட்டுக்காரரையும் அழைத்து வருவதாகச் சொன்னார், லேத்தைத் தூக்க ஆள் வேண்டுமே என்று. வீட்டம்மா இப்போதே மூன்று ஞாயிறுக்கும் சாப்பாட்டுக் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலர் இப்போது பைக், தையல் இயந்திரம், கிரைண்டர், இன்வெர்ட்டர், காஸ் அடுப்பு என்று பழையதை விற்றுக்கொண்டும் வாங்கிக்கொண்டும் இருக்கிறீர்கள். விற்கும்போது ஒரு வெள்ளைத் தாள் எடுங்கள். உங்களுக்குத் தெரிந்த குறைகளை ஒன்று, இரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பொருளோடு கொடுங்கள். முக்கியமாக, பிரேக், மின்சாரம், தீ, சுழலும் பாகம் இந்த நான்கிலும் எதையும் மறைக்காதீர்கள். வாங்கும்போது கூச்சப்படாமல், 'இதில் உங்களுக்குத் தெரிந்த குறை என்ன?' என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலானவர்கள் சொல்லிவிடுவார்கள். விலையைக் குறைத்துப் பேசுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி அது.

மொபெட் வாங்கிய அந்த ஆசிரியர் பணி ஓய்வு பெற்று இப்போது சிதம்பரத்தில் இருக்கிறார். அவர் எண் என்னிடம் இருக்கிறது. பதிவைப் போடும் முன் அவருக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். வெல்டிங் வைத்தது தெரியும் என்பதையும் சொன்னேன். "அது அப்பவே தெரியும் அண்ணே" என்றார்.

அன்புடன்,
உங்கள் சார்,
மஞ்சக்குப்பம்.